லேமினேஷன்காரர் கேட்ட ரிப்பேர்

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் உறை போடத் தோன்றும். முப்பது வருடமாக நகல் எடுத்து, லேமினேஷன் போட்டு, பாஸ்போர்ட் போட்டோ பிடித்துக் கொடுக்கிறவருக்கு அது தொழில் புத்தி என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டிலும் அதே கதைதான். மகள் மூன்றாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் பட்டியல், வாஷிங் மெஷின் கையேட்டின் முதல் பக்கம், என் மாமனார் கடைசியாக எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டு என்று எல்லாம் பீரோவில் பளபளவென்று அடுக்கியிருக்கிறது. எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் விடவில்லை. கோபத்தில் கிழித்துப் போடலாம் என்றால்கூட இனி முடியாது.

தெருவில் அவருக்குப் பெயரே லேமினேஷன்காரர்தான். எங்கள் கடை ஒரு லாரி நுழையும் அகலம். முன்னால் நகல் எடுக்கும் மெஷின், பக்கத்தில் லேமினேஷன் மெஷின், பின்னால் ஒரு வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்காராத ஆள் இந்தப் பகுதியில் கிடையாது. ஒருவரை நாலைந்து தடவை பிடிப்பார். நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அங்கேயே அழித்துவிடுவார். "ஒரு ஆளுக்கு ஒரு மூஞ்சி போதும்" என்பார். அந்த ஒன்று மட்டும் கம்ப்யூட்டரில் சாகாவரம் வாங்கி உட்கார்ந்துகொள்ளும்.

படங்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால் ஆளின் பெயரைப் போடமாட்டார். செருப்புக்கடை, தபால் நெட்டை, மூன்றாம் மாடி வாத்தியார் என்றுதான் இருக்கும். நான் 'வீடு' என்ற பெயரில் இருக்கிறேன். வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

வீட்டில் யாராவது தவறிவிட்டால் சனங்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். சுவரில் மாட்ட ஒரு நல்ல முகம் வேண்டும். விண்ணப்பத்துக்காக ஒட்டக் கொடுத்த அந்தச் சின்னப் படம்தான் அநேகம் பேருக்குக் கடைசி நல்ல முகம். அவர் தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பார். நாள் முழுக்க வாய் ஓயாத மனிதர், அந்த வேலை முடியும்வரை பேசமாட்டார்.

இப்படிச் சேர்ந்த இருபது வருடத்து முகங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கினார். அதுதான் இந்தக் கதை. வாங்கிய அன்றே எல்லாப் படத்தையும் அதற்கு மாற்றினார். பழைய டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று நான் கரடியாகக் கத்தினேன். ஒரு சாமானுக்கு எதற்கு இரண்டு இடம், எது எங்கே என்று குழப்பம்தான் வரும் என்றார். பழையதைச் சுத்தமாக அழித்தார். ஒரு தடவை அழித்தால் மிச்சம் மீதி இருக்குமாம், அதனால் மூன்று தடவை அழித்தார். எதைச் செய்தாலும் திருந்தச் செய்கிற ஆள்.

பிறகு பில்லுக்கு வந்தார். அது மெஷினில் வருகிற வழவழப்பான தாள். அந்தத் தாளைச் சூடு காட்டி லேமினேஷன் போட்டால் மொத்தமும் கறுத்துவிடும். இது தெரியாமல் உள்ளூரில் எத்தனையோ பேர் பில்லைக் கரியாக்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே சூடில்லாமல் ஒட்டுகிற பிலிமை எடுத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டினார். கை அரிப்பு அடங்காமல் டிஸ்க்கின் மேலேயும் ஒட்டினார், அதில் அச்சடித்திருக்கும் எண் அழியக் கூடாதாம். 'இந்தத் துளையை மூடாதீர்கள்' என்று டிஸ்க்கில் எழுதியிருந்ததால், துளையைச் சுற்றி மட்டும் வட்டமாக வெட்டி எடுத்தார்.

நாலே மாதத்தில் டிஸ்க் படுத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் டக் டக் என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர், அப்படி ஒரு டிஸ்க்கையே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் கலங்கவில்லை. "ரெண்டு வருஷம் வாரண்டி இருக்கு. குடுத்தா சரிபண்ணித் தரப்போறான்" என்றார். அழித்த பழைய டிஸ்க்கைப் போட்டு வேலையைப் பார்த்தார். இந்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவின் கணவர் இறந்துபோனார். லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் உயரமான கட்டடத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது போனார். ஐம்பத்திரண்டு வயது.

சனிக்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவரோட படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்ல? போன வருஷம் லைசென்ஸுக்கு எடுத்தாரே, அந்த லைசென்ஸ் இன்னும் வரல."

"இருக்கும்மா. ஏன், வீட்ல இல்லையா?"

"அவர் போன்ல மூவாயிரம் படம் இருக்குண்ணே. நான் இருக்கேன், புள்ளைங்க இருக்காங்க, அவர் ரிப்பேர் பாத்த மோட்டாரெல்லாம் இருக்கு. எடுத்தது பூரா அவர்தானே? ஒண்ணுல கட்டை விரல் தெரியுது. இன்னொண்ணுல நிழல் விழுந்திருக்கு."

கல்யாணப் படங்கள் பழைய வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது போய்விட்டன. கம்பெனி அடையாள அட்டை ஒன்று இருந்தது. சட்டைப் பையோடு நாலு தடவை துவைத்ததில் அதில் முகம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேமினேஷன் போட்டிருக்கலாம்" என்று முனகினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே மெஷினுக்குள் விட்டிருப்பேன்.

"ரெண்டு நாள்ல எடுத்துத் தர்றேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் போன பிறகுதான் அவர் முகம் மாறியது. பீரோவைத் திறந்து பில்லை எடுத்தார். பில் இருந்தது. மடிப்பு இல்லை, கறை இல்லை, ஓரம் மடங்கவில்லை. எழுத்துத்தான் இல்லை. ஒட்டுகிற பிலிமின் பசை நாலு மாதத்தில் மையை முழுசாகத் தின்றிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடையின் பெயரில் பாதி, பேய் மாதிரி தெரிந்தது. தண்ணீரில் போட்டாலும் அந்தப் பில்லுக்கு இனி ஒன்றும் ஆகாது.

கம்ப்யூட்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். அவரைத் தனியாக அனுப்பினால் அங்கேயும் எதற்காவது உறை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். வாரண்டி கவுன்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பில்லை வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது என்னது?"

"பில்லு."

"வெள்ளைப் பேப்பர் சார் இது."

"பில்லாத்தான் இருந்துச்சு."

பில் இல்லாவிட்டால் எதுவும் செய்ய முடியாது என்றாள். டிஸ்க்கின் எண்ணைத் தட்டிப் பார் என்றேன் நான். தட்டிப் பார்த்தாள். அவர்கள் விற்றது, தேதி, நேரம் எல்லாம் அவள் திரையிலேயே இருந்தது. இருந்தும் பில் வேண்டுமாம். போதாததற்கு, டிஸ்க்கின் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது, மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் துளையைச் சுற்றி வெட்டியிருக்கும் வட்டத்தைக் காட்டினார். நல்லா வெட்டியிருக்கீங்க சார் என்றாள் அவள். அதை மட்டும் மனசாரச் சொன்னாள்.

ரெண்டு நாள் என்று சொன்னது இப்படித்தான் நீள ஆரம்பித்தது. தையல்காரம்மா தினமும் பதினோரு மணிக்கு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு எட்டிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு வந்தாராண்ணே?"

வெளியூர் போன ஆளைக் கேட்கிற மாதிரியே கேட்பாள். இன்னும் இல்லம்மா என்பார் இவர். சரிண்ணே என்று போய்விடுவாள். ஒருநாள்கூடக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. அங்கிருந்த அதிகாரி அம்மாவுக்கு ஓய்வு பெறுகிற வயது. மூக்கின் நுனியில் கண்ணாடி. வெள்ளைப் பில்லைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கவுன்டர் பெண் கொடுத்த சீட்டைப் படித்தார், அப்போதும் சிரிக்கவில்லை.

"வாங்கி எத்தனை மாசம் ஆச்சு?"

"நாலு."

"ஆறு மாசத்துக்குள்ள போச்சுன்னா, விக்கும்போதே கோளாறு இருந்துச்சுன்னுதான் அர்த்தம். அப்படி இல்லைன்னு காட்டவேண்டியது கடைக்காரன். நீங்க இல்ல. வாங்கினதுக்குச் சாட்சி வேணும், அது பில்லாத்தான் இருக்கணும்னு இல்ல. அவன் கம்ப்யூட்டர்லயே இருக்குங்கிறீங்க. இந்த பிலிம் ஒட்டினதாலதான் கெட்டுப்போச்சுன்னா அதையும் அவன்தான் காட்டணும்." பேனாவைத் திறந்தார். "சரிபண்ணித் தரணுமா, மாத்தித் தரணுமா? அதை நீங்கதான் சொல்லணும். ரெண்டும் ஆகலேன்னா காசு வாபஸ். மாத்தின்னு போட்டுக்கறேன்."

"இல்ல மேடம். சரிபண்ணி" என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி தலை நிமிர்ந்தார். இந்த நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறாராம். புதுசு வேண்டாம், பழசைச் சரிபண்ணிக் கொடு என்று கேட்டவர் ஒருவரும் இல்லையாம். ஏன் என்று கேட்டார். இவர் சொல்ல ஆரம்பித்து, செருப்புக்கடை, தபால் நெட்டை என்று சுற்றிக்கொண்டிருந்ததால் நான் குறுக்கே புகுந்து லிஃப்ட்காரர் விஷயத்தை நேராகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். சட்டம் பொருளுக்குத்தான். உள்ள இருக்கறதுக்கு இல்ல. படம் போச்சுன்னு நீங்க கேஸ் போட்டாலும் நிக்காது."

"படத்தை நான் கேக்கல மேடம்" என்றார் இவர். "டிஸ்க் ஓடணும். ஓடினா படத்தை நானே எடுத்துக்குவேன்."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். 'ஒப்படைத்த நிலை மாறாமல், உள்ளே இருப்பது எதையும் அழிக்காமல், பழுது நீக்கித் தர வேண்டும்.' அந்த வரியின் கீழ் ஒரு கோடும் போட்டார்.

கடிதம் போன ஐந்தாம் நாள் கம்ப்யூட்டர் கடை மேனேஜரே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். கையில் பெட்டி பிரிக்காத புது டிஸ்க். கவுன்டர் பெண் புதுசு, தெரியாமல் பேசிவிட்டாள், மன்னிக்கணும் என்றார். "சார், பழசைவிட இது ரெட்டிப்பு சைஸ். பழசைக் குடுத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க, முடிஞ்சிரும்."

நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. அவர்மேல் இருந்த கோபமும் இன்னும் அடங்கவில்லை. மூன்று தடவை அழிக்காமல் இருந்திருந்தால் இந்த மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

"பழசை என்ன பண்ணுவீங்க?" என்றார் இவர்.

"கம்பெனிக்கு அனுப்புவோம் சார். அவங்க உடைச்சிருவாங்க."

"அப்ப வேணாம்."

"சார், இது ரெட்டிப்பு சைஸ்."

"ரெட்டிப்பு காலிதானேங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார், வீட்டம்மாவாவது எடுத்துச் சொல்லட்டுமே என்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து மணி பதினொன்று. தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னைக்கு வந்தாராண்ணே?" என்றாள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

கம்பெனியிலிருந்து நாங்கள் ரிப்பேர் செய்வதில்லை என்று எழுதினார்கள். அதிகாரி, நீங்கள் செய்வீர்களா என்று கேட்கவில்லை, செய்யுங்கள் என்று எழுதினார். டிஸ்க்கை அவர் அலுவலகம் மூலமாகவே ஒப்படைத்தோம். டிஸ்க்கை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் வரிசை நீளம் என்று இன்னொன்று வந்தது. அந்தக் கடிதங்களை என் வீட்டுக்காரர் ஒரு கோப்பில் வைத்தார், எதற்கும் உறை போடவில்லை. கடையில் வருகிறவர்களிடம் பேச்சையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "நான்தானே அழிச்சேன்" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

ஏழாவது வாரம் பார்சல் வந்தது. அதே டிஸ்க், அதே பிலிம், அதே வட்டம். கூட ஒரு தாள். சர்க்யூட் போர்டு மாற்றப்பட்டது, பொருள் இயங்குகிறது, சில பகுதிகளைப் படிக்க முடியவில்லை என்று மூன்று வரி.

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். டிஸ்க் சத்தமில்லாமல் ஓடியது. பெயர்கள் வரிசையாக வந்தன. தபால் நெட்டை இருந்தார். வாத்தியார் இல்லை. 'வீடு' இருந்தது. அப்போதைக்கு அதை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன். 'லிஃப்ட்' இருந்தது.

அவர் திறந்தார். படம் மேலேயிருந்து கீழே மெதுவாக இறங்கியது. தண்ணீர் தொட்டு வாரிய தலை. நெற்றி. வலது புருவத்தில் தழும்பு. கண் இரண்டும் நம்மையே பார்த்தன. மூக்கு வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். இன்னும் இறங்கும் என்று காத்திருந்தோம். இறங்கவில்லை. அவர் மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் மூக்கோடு நின்றது.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, கீழ்ப்பக்கத்தை நான் போட்டுத் தர்றேன். தெரியவே தெரியாது. செருப்புக்கடைக்காரர் வாய் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்."

தையல்காரம்மா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தாள் வாயையா? அதை வெச்சா சுவர்ல இருந்துக்கிட்டு நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாரே அண்ணே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் திரையைத் துடைத்தார், அதில் தூசியே இல்லை.

"இப்படியே பெருசாக்கிக் குடுங்க" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கீழ எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியும்."

அவர் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறத்தை வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது அவருடைய இடம் என்றாள். படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளம்பினாள்.

அப்போதுதான் பார்சலுக்குள் இன்னொரு தாள் இருப்பதை இவர் பார்த்தார். பழுது நீக்கியதில் தங்களுக்குத் திருப்தியா, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இவர் பேனாவை எடுத்தார். எதில் குறி போடுவது என்று தெரியாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ஓடுகிற டிஸ்க்கைக் கேட்டார், ஓடுகிற டிஸ்க்கைக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி ஆம்தான்.

கதவருகே போன தையல்காரம்மா திரும்பினாள்.

"என்ன கேக்கறாங்க அண்ணே?"

சொன்னார்.

"வாரண்டி இன்னும் இருக்குல்ல?"

"இருக்கும்மா. இன்னும் ஒன்றரை வருஷம்."

"அப்ப இல்லைன்னு போடுங்க. மிச்சத்தையும் தேடட்டும்."

அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.